திண்டிவனத்து ஸ்டேஷனரி கடையில் லிப்ரே ஆஃபீஸ் கால்க்: ஜிஎஸ்டி கணக்குக்கு அது போதுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருக்கும் கடை, கணக்கைத் தானே பார்க்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு ஆள், ஒரு சாதாரண கம்ப்யூட்டர் இருந்தால் ஜிஎஸ்டி கணக்குக்கு லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற இலவச ஸ்ப்ரெட்ஷீட் போதும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். 5 கோடி என்று ஏன் கோடு போட்டேன் என்றால், அதற்கு மேல் விற்கும் கடைகள் 2023 ஆகஸ்ட் 1 முதல், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போடும் ஒவ்வொரு பில்லையும் அரசு தளத்தில் ஏற்றி எண் வாங்கியாக வேண்டும். அதற்கு வேறு மென்பொருள்தான் தோது. அந்த வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: வரி விகிதத்தை ஃபார்முலாவுக்குள் எழுதக் கூடாது. ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் குடும்பக் கடைக்கு நான்தான் கணக்கு பார்க்கிறேன். நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ், ஏ4 பண்டல், வருகைப் பதிவேடு, பசை, சார்ட் என்று பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய சாமான்கள். அப்பா காலத்தில் தமிழ்நாடு பொது விற்பனை வரி, 2007 ஜனவரியில் வாட், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ஒவ்வொரு முறை வரி மாறியபோதும் அப்பா பழைய பேரேட்டை மூடிக் கயிறு கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு, புதுப் பேரேடு போடுவார். பழைய பில் பழைய வரியோடு அங்கே கிடக்கும். புது விகிதம் அதைத் தொட முடியாது. கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும்போது இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைப்பதில்லை. நாம்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கடைகளில் நான் பார்க்கும் ஷீட் எப்படி இருக்கும் என்றால், விலையை 18 சதவீதத்தால் பெருக்கு என்று செல்லிலேயே எழுதி, கடைசி வரிசை வரை இழுத்துவிட்டிருப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பொருள் பட்டியலைத் தனி ஷீட்டில் வைத்து, விலுக்கப் என்ற தேடல் ஃபார்முலாவைப் போட்டு விகிதத்தை எடுப்பார்கள். முதல் முறையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 2025 செப்டம்பர் 22 அன்று இரண்டு முறையுமே கைவிட்டன.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது ஸ்டேஷனரி கடைக்காரர்களுக்கு மறக்காது. 12 சதவீதம், 28 சதவீதம் என்ற இரண்டு படிகளும் ஏறக்குறைய எடுக்கப்பட்டு, 5, 18, சில பொருள்களுக்கு மட்டும் 40 என்று ஆனது. எங்கள் கடையில் 12 சதவீதத்தில் இருந்த நோட்டு, பென்சில், கிரேயான், ஷார்ப்னர் எல்லாம் வரியில்லாப் பொருள் ஆயின. 5 சதவீதத்தில் இருந்த ரப்பரும் வரியில்லாமல் போனது. ஜாமெட்ரி பாக்ஸ் 12லிருந்து 5க்கு இறங்கியது. ஏ4 பேப்பர் மட்டும் எதிர்த்திசையில் 12லிருந்து 18க்கு ஏறியது. பேனா பழைய 18லேயே நின்றது. ஒரே அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சாமான்கள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போனது.

விலுக்கப் வைத்திருந்தவர் அன்று காலை பொருள் பட்டியலில் நோட்டுக்கு எதிரே இருந்த 12ஐ அழித்துப் பூஜ்யம் போடுவார். புது பில் சரியாக வரும். ஆனால் அதே நொடியில், ஏப்ரல் முதல் செப்டம்பர் 21 வரை போட்ட அத்தனை நோட்டு பில்லிலும் வரி பூஜ்யமாகிவிடும். ஷீட் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. ஃபார்முலா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நாம் அதனிடம் கேட்ட கேள்வியில்தான் தேதி இல்லை. ‘நோட்டுக்கு என்ன வரி’ என்று கேட்டோம். ‘இந்த பில் தேதியில் நோட்டுக்கு என்ன வரி’ என்று கேட்டிருக்க வேண்டும்.

என் ஷீட்டில் விகிதப் பட்டியல் நான்கு நெடுவரிசை: பொருள் குறி, எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை, விகிதம். நோட்டுக்கு இரண்டு வரிசை. முதல் வரிசை 2017 ஜூலை 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை 12. அடுத்தது 2025 செப்டம்பர் 22 முதல் 2099 டிசம்பர் 31 வரை 0. முடிவுத் தேதியைக் காலியாக விடாமல் எட்டாத ஒரு தேதியைப் போட்டுவைப்பது ஃபார்முலாவை எளிதாக்கும். பில் ஷீட்டில் விகிதத்தை எடுக்க நான் பயன்படுத்துவது சம்இஃப்ஸ். குறி இந்தப் பொருளாக இருக்க வேண்டும், தொடக்கத் தேதி பில் தேதிக்குச் சமமாகவோ முந்தியோ இருக்க வேண்டும், முடிவுத் தேதி பில் தேதிக்குச் சமமாகவோ பிந்தியோ இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் வரிசைகளின் விகிதத்தைக் கூட்டு. பொருந்துவது ஒரே வரிசை என்பதால் கூட்டினாலும் அந்த விகிதமேதான் வரும். கூட்டலுக்கு இருக்கும் ஃபார்முலாவைத் தேடலுக்குப் பயன்படுத்துவது பார்க்க விநோதமாக இருக்கலாம். ஆனால் பட்டியலை எந்த ஒழுங்கிலும் அடுக்கத் தேவையில்லை. எக்செல், கூகுள் ஷீட்ஸ், பழைய பதிப்பு லிப்ரே ஆஃபீஸ் என்று எல்லாவற்றிலும் ஓடும். எக்ஸ்லுக்கப் என்ற புது ஃபார்முலா லிப்ரே ஆஃபீஸுக்கு 2024இல் வந்த 24.8 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஃபைல் போகும் என்றால் சம்இஃப்ஸ்தான் பத்திரம்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. குறியைத் தவறாக அடித்தால், எந்த வரிசையும் பொருந்தாமல் சம்இஃப்ஸ் பூஜ்யம் தரும். செப்டம்பர் 22க்கு முன்பு எங்கள் கடையில் பூஜ்யம் வந்தால் உடனே கண்ணில் உறுத்தும். இப்போது பாதிப் பொருள்களுக்குப் பூஜ்யம்தான் சரியான விடை. அதனால் பக்கத்திலேயே கவுண்ட்இஃப்ஸ் ஒன்று போட்டு, பொருந்திய வரிசை சரியாக ஒன்றா என்று எண்ண வைத்திருக்கிறேன். ஒன்றுக்குக் குறைந்தாலும் கூடினாலும் அந்த வரிசை சிவப்பாகிவிடும். பட்டியலில் இரண்டு தேதிக்காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் அதையும் இதுவே பிடித்துவிடும். இந்தக் காவல் செல் இல்லாமல் சம்இஃப்ஸ் முறையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

குறியாக, ஜிஎஸ்டியில் ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் இருக்கும் எச்எஸ்என் எண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கூடாது. 4820 என்ற ஒரே எண்ணுக்குள் நோட்டும் இருக்கிறது, கணக்குப் பேரேடும் டைரியும் இருக்கின்றன. நோட்டுக்கு வரியில்லை, பேரேட்டுக்கு 18 சதவீதம். எச்எஸ்என் தனி நெடுவரிசையில் இருக்கட்டும், நம் கடைக்கென்று ஒரு குறி தனியாக இருக்கட்டும். கால்க்கின் அமைப்புகளில், தேடும் சொல் முழு செல்லோடும் பொருந்த வேண்டும் என்று ஒரு குறிப்பெட்டி இருக்கிறது. இயல்பாகவே தேர்வாகியிருக்கும்; யாராவது எடுத்துவிட்டிருந்தால் ‘நோட்1’ என்று தேடும்போது ‘நோட்10’ வரிசையும் சேர்ந்து கூடிவிடும். புது கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான்.

பில் தேதியே போதுமா என்ற கேள்விக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரொக்கக் கடைக்குப் போதும். சரக்கு, பில், பணம் மூன்றும் ஒரே நாளில் முடிகின்றன. விகிதம் மாறும் நாளின் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கும் வியாபாரத்துக்கு சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) சட்டத்தின் 14ஆம் பிரிவு வழி சொல்கிறது. சரக்கு கொடுத்தது, பில் போட்டது, பணம் வந்தது ஆகிய மூன்றில் எந்த இரண்டு ஒரே பக்கம் விழுகின்றனவோ அந்தப் பக்கத்து விகிதம். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி, ஏனென்றால் இது அப்படியே மீடியன் ஃபார்முலா. மூன்று தேதிகளின் நடுத்தேதியை எடுத்து, அந்தத் தேதிக்கு விகிதத்தைத் தேடினால் விடை வந்துவிடும். பணம் இன்னும் வராத பில்லில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் மீடியன் மற்ற இரண்டின் சராசரியை எடுத்துவிடும். அங்கேயும் 2099ஐப் போட்டுவைக்க வேண்டும். முன்பணம் வாங்கிய பள்ளி ஆர்டர் மாதிரி சிக்கலானவற்றை ஆடிட்டரிடம் காட்டிவிட்டே முடிவு செய்யுங்கள். ஷீட் அவருக்குக் கேள்வியைத் தெளிவாக எடுத்துக்கொடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்து பைசா. ஜிஎஸ்டி ஷீட்டில் நேரத்தைத் தின்பது விகிதமல்ல, பைசாதான்.

பேனா பாக்கெட்டில் அச்சடித்த எம்ஆர்பி வரி சேர்ந்த விலை. 100 ரூபாய் என்று போட்டிருந்தால், அதற்குள்ளேயிருந்து 18 சதவீதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். 100ஐ 118ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் வரிக்கு முந்திய அடக்க மதிப்பு 84.75. அதில் 9 சதவீதம் சிஜிஎஸ்டி 7.63, இன்னொரு 9 சதவீதம் மாநிலத்துக்கான எஸ்ஜிஎஸ்டி 7.63. மூன்றையும் கூட்டுங்கள்: 100.01. வாடிக்கையாளர் கொடுத்தது 100 ரூபாய், பில் சொல்வது 100 ரூபாய் ஒரு பைசா. ஒரு பில்லில் ஒரு பைசா யாருக்கும் பொருட்டில்லை. மாதக் கடைசியில் கல்லாவும் ஷீட்டும் பல ரூபாய் வித்தியாசத்தில் நிற்கும்போது, அது பைசா விவகாரமா அல்லது ஒரு பில் விட்டுப்போனதா என்று தெரியாமல் தேடுவதுதான் கொடுமை.

வரிசையை மாற்றிப்போட்டால் இது தீர்ந்துவிடும். முதலில் சிஜிஎஸ்டியைக் கண்டுபிடிக்க வேண்டும்: 100 × 9 ÷ 118, இரண்டு தசமத்துக்கு ரவுண்ட், 7.63. எஸ்ஜிஎஸ்டி அதே தொகை. அடக்க மதிப்பை வகுத்துப் பெறாமல், 100லிருந்து இரண்டு வரியையும் கழித்துப் பெறுவது: 84.74. இதற்கு 9 சதவீதம் போட்டுப் பார்த்தாலும் 7.63தான் வரும். கூட்டினால் சரியாக 100. வரி சேர்ந்த விலையில் வியாபாரம் செய்யும் எந்தக் கடைக்கும் இந்த ஒழுங்கைத்தான் சொல்வேன்: வரி முதலில், மதிப்பு மிச்சத்தில்.

இன்னொரு இடம், செல்லில் இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு, ரவுண்ட் போடாமல் விடுவது. அடக்க மதிப்பு 33.05 உள்ள மூன்று வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 9 சதவீதம் 2.9745, திரையில் 2.97 என்று தெரியும். அச்சடித்த பில்லை வாடிக்கையாளர் கையால் கூட்டினால் 8.91 வரும். கீழே ஷீட் காட்டும் கூட்டுத்தொகை 8.92. கால்க்கில் ‘காட்டுகிறபடியே கணக்கிடு’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தால் இது மறையும். நான் அதைத் தொடுவதில்லை. எந்த இடத்தில் தசமம் வெட்டப்பட்டது என்பது ஃபார்முலாவைப் படித்தால் தெரிய வேண்டும், எங்கோ மெனுவுக்குள் இருக்கக் கூடாது. பணம் வரும் ஒவ்வொரு செல்லிலும் ரவுண்ட் எழுதுவது சலிப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை எழுதினால் போதும். அதேபோல் இரண்டு கூட்டுத்தொகை சமமா என்று சோதிக்கும் செல்லில் நேரடியாக சமமா என்று கேட்க வேண்டாம். கம்ப்யூட்டர் தசமங்களை உள்ளே இரும எண் முறையில் வைப்பதால் கண்ணுக்குத் தெரியாத துணுக்கு மிஞ்சும். வித்தியாசத்தை ரவுண்ட் செய்து பூஜ்யமா என்று கேளுங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: புதுச்சேரி. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம், பள்ளிகள் ஏராளம், எங்களுக்கு நல்ல வாடிக்கை. ஆனால் வரிக் கணக்கில் அது வெளிமாநிலம். தமிழ்நாட்டின் குறி 33, புதுச்சேரியின் குறி 34. அங்கே சரக்கை அனுப்பினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற இரட்டை வரி கிடையாது, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி ஒன்றே முழு விகிதத்தில். பதிவு உள்ள வாடிக்கையாளருக்கு இது எளிது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலக் குறி, அடுத்த பத்து பான் எண். லெஃப்ட் ஃபார்முலாவால் முதல் இரண்டை எடுத்து, 33ஆக இருந்தால் இரண்டாகப் பிரி, இல்லையென்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரு இஃப் போட்டால் முடிந்தது. லென் போட்டு எண் 15 எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். லெஃப்ட் தருவது எண் அல்ல, எழுத்து. அதனால் 33ஐ மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும்.

பதிவில்லாத பள்ளி என்றால்தான் கவனம் தேவை. பின்கோடு வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் ஷீட் ஒன்றை ஒரு நண்பர் பெருமையாகக் காட்டினார். எங்கள் பக்கத்தில் அது ஓடாது. 605 என்று தொடங்கும் பின்கோடு புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் வானூருக்கும் உண்டு. ஆரோவில்லிலிருந்து ஆர்டர் வந்தால் ‘பாண்டி ஆர்டர்’ என்றுதான் கடைப் பையன்கள் சொல்வார்கள், ஆனால் ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே போகும் பில்லில் 33தான். 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு பில்லில் எழுதிய முகவரியின் மாநிலமே கணக்கு. மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். ஆகவே பில் ஷீட்டில் மாநிலம் என்று தனி நெடுவரிசை, அதில் தட்டச்சுக்கு இடம் கொடுக்காமல் தேர்ந்தெடுக்கும் பட்டியல். கால்க்கில் டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்று இருப்பது இதற்குத்தான். பொருள் குறிக்கும் அதே பட்டியலைப் போடலாம். கை தட்டச்சு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி.

ரிட்டர்ன் வேலைக்கு வருகிறேன். நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் திட்டத்தில் இருக்கிறோம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டுக்கு 22ஆம் தேதிக்குள் வரிக் கணக்கை முடிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி. விற்பனை வரியாக 3பியில் தானாக வந்து விழும் தொகையை 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து அங்கேயே திருத்த முடியாது. தப்பு இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற திருத்தப் படிவம் வழியாகத்தான் போக வேண்டும். முன்பு ஜிஎஸ்டிஆர்-1இல் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் 3பியில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. ஷீட் முதலிலேயே சரியாக இருக்க வேண்டிய கட்டாயம் இப்போது அதிகம். எச்எஸ்என் தொகுப்பும் 2025 மே கணக்கிலிருந்து பதிவு உள்ளவர்களுக்கு விற்றது, இல்லாதவர்களுக்கு விற்றது என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் அந்த ஒரு நெடுவரிசையை வடிகட்டியாக வைத்தால் இரண்டும் நொடியில் வரும். கால்க்கின் பிவட் எனக்குக் குறையில்லாமல் வேலை செய்கிறது. விற்பனையைக் கூட்டினாயா, வரியைக் கூட்டினாயா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஜிஎஸ்டி தளம் இலவசமாகத் தரும் ஆஃப்லைன் டூலுக்குக் கொடுக்க, ஷீட்டை சிஎஸ்வி என்ற எளிய உரை ஃபைலாகச் சேமிக்க வேண்டும். அந்த டூல் விண்டோஸில்தான் ஓடும்; லினக்ஸில் கால்க் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். தேதி நாள், ஆங்கில மாதச் சுருக்கம், ஆண்டு என்ற வடிவத்தில் இருக்க வேண்டும். என்னைப் போல் கால்க்கைத் தமிழில் வைத்திருப்பவர்கள் அந்த நெடுவரிசைக்கு மட்டும் மொழியை ஆங்கிலமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் மாதப் பெயர் தமிழில் போய்ச் சேரும். தமிழ் இடைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது மனதாரப் பாராட்ட வேண்டும். மெனு தமிழில் இருப்பதால் எங்கள் அண்ணியும் பில் ஏற்றக் கற்றுக்கொண்டார்.

நோட்டு வரியில்லாப் பொருள் ஆனதில் ஸ்டேஷனரி கடைக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. செப்டம்பர் 21 இரவு கையிருப்பில் இருந்த நோட்டுகளை 12 சதவீத வரி கட்டி வாங்கியிருப்போம், அந்த வரியை இன்புட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக எடுத்திருப்போம். பொருள் முழு விலக்கு பெற்றுவிட்டால் அந்த இன்புட்டைத் திருப்ப வேண்டும் என்கிறது சிஜிஎஸ்டி சட்டத்தின் 18ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு. 30 ரூபாய் அடக்கத்தில் 1,000 நோட்டு இருந்தால் 30,000க்கு 12 சதவீதம், 3,600 ரூபாய். விகிதம் இறங்கியதோடு நின்ற ஜாமெட்ரி பாக்ஸுக்கு இது கிடையாது, எடுத்த இன்புட் முழுதும் நமக்கே. கொள்முதல் ஷீட்டில் அதே விகிதப் பட்டியலும் அதே சம்இஃப்ஸும் இருந்ததால், எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்பதைப் பழைய விகிதம், புது விகிதம் என்ற இரண்டு நெடுவரிசையைப் பக்கத்தில் வைத்தே பிரிக்க முடிந்தது.

அதோடு முடியவில்லை. கடை வாடகை, இணையக் கட்டணம் மாதிரி பொதுச் செலவுக்குக் கட்டிய வரியில், வரியில்லா விற்பனைக்கு உரிய பங்கை மாதாமாதம் திருப்ப வேண்டும். இது 42ஆம் விதி. பொது இன்புட் 2,000, மொத்த விற்பனை 5 லட்சம், அதில் நோட்டும் பென்சிலும் 2 லட்சம் என்றால் 800 ரூபாய் திரும்பப் போகிறது. ஃபார்முலா எளிது, விகிதம் பூஜ்யமான விற்பனையை சம்இஃப்ஸால் கூட்டி மொத்தத்தால் வகுக்க வேண்டியதுதான். பேனாவும் நோட்டும் கலந்த ஒரு பள்ளி ஆர்டருக்கு, பதிவில்லாத வாடிக்கையாளர் என்றால், இன்வாய்ஸும், வரியில்லாப் பொருளுக்குப் போடும் சப்ளை பில்லும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரே தாள் போடலாம் என்று 46ஏ விதி அனுமதிக்கிறது. பில் தலைப்பை மாற்றும் ஒரு இஃப் அதற்கும் வைத்திருக்கிறேன்.

இப்போது குறைகள். ஸ்ப்ரெட்ஷீட்டின் பெரிய குறை, யார் வேண்டுமானாலும் எந்த செல்லையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பது. ஜிஎஸ்டி 56ஆம் விதி, கணக்கை மின்னணு முறையில் வைத்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் இருக்க வேண்டும் என்கிறது. கால்க்கில் மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, நாமே அதை முடுக்கிவிட வேண்டும். ஃபார்முலா செல்களைப் பூட்டி, ஷீட்டுக்குக் கடவுச்சொல் போட்டு, ரிட்டர்ன் கொடுத்த காலாண்டின் ஃபைலைப் படிக்க மட்டும் முடிகிறபடி தனியாக எடுத்துவைக்கிறேன். அப்பா கயிறு கட்டிய வேலைதான் இது. கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால் இரண்டு பென்டிரைவில் நகல். உங்கள் கடை தனிநபர் உரிமையாக இல்லாமல் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் ஸ்ப்ரெட்ஷீட்டை மறந்துவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் அணைக்க முடியாத தணிக்கைத் தடம் கட்டாயம். அது இங்கே கிடையாது.

எக்செல்லா, கூகுள் ஷீட்ஸா, கால்க்கா என்று கேட்டால், நான் சொன்ன ஃபார்முலாக்கள் மூன்றிலும் ஒரே மாதிரிதான். இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து பில் ஏற்றுகிறார்கள் என்றால் கூகுள் ஷீட்ஸ் எடுங்கள். பழைய பதிப்புகளைத் தானே சேமித்துக்கொள்ளும், ஃபோனிலும் வசதி. எக்செல் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மாற வேண்டியதில்லை. இணையம் அடிக்கடி போகும் கடைத்தெருவில், கணக்கு நம் மேஜையிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தால் கால்க். நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுவும் தமிழும்தான்.

எங்கள் அண்ணன் மகன் கேட்பான்: “அத்தை, பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினா இதெல்லாம் தானா வந்துருமே?” வரும்தான். விகிதத்தை அவர்களே மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் பேரேட்டுக்கு 18, நோட்டுக்கு இல்லை என்று பொருளைப் பிரித்து உள்ளே ஏற்றுவது எப்படியும் கடைக்காரர் வேலைதான். அதைத் தெரிந்துகொண்டவருக்கு மீதி ஃபார்முலா ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் தெரிந்து சொல்லாது. நான் அவனுக்கும் இந்த ஷீட்டைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.

ஒரு வேலைக்கு மட்டும் கால்க்கைப் பரிந்துரைக்க மாட்டேன்: பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், கவுண்டரில் ஆள் நிற்கும்போது அதில் பில் போடுவது. செல் செல்லாகத் தாவி அடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டும். அந்த நாட்களில் அச்சடித்த பில் புத்தகம்தான் கையில். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், பதிவில்லாத வாடிக்கையாளர் பில் கேட்காவிட்டால் தனித்தனி பில் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. நாள் முடிவில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் போட்டு, விகிதவாரியாக இரவில் ஷீட்டில் ஏற்றிவிடுகிறோம்.